மோத்துரோனாவின் வேலியில் நான்கு துப்பாக்கிகள்

மோத்துரோனாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் இடது கன்னத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே ஒரு பொத்தான் அளவுக்குத் தோல் வேறு நிறமாக இருக்கும். பதினாறு வயதில் அப்பாவின் துப்பாக்கியைக் கன்னத்தோடு சாத்திக் குறி பார்த்தாள். வெளியே மைனஸ் ஐம்பது டிகிரி உறைகுளிர். இரும்பு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது அந்த இடத்துத் தோல் அதனோடு போய்விட்டது.

"எனக்கு முதல் முத்தம் குடுத்தது துப்பாக்கிதான். அதுக்கப்புறம் வந்தவன் எவனும் அந்த அளவுக்கு விடாம பிடிச்சுக்கல" என்று அவளே சொல்வாள். முன்னாள் கணவன் தெரந்தேய் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் சொல்வாள். அவன் எதிரில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள்.

எங்கள் மூஸ்தாக் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் குதிரை மந்தையை இருபத்திரண்டு வருடமாக மேய்ப்பவள் அவள்தான். ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிக் குளிர்கால முகாம். ஒரு மரக்குடில், ஒரு வைக்கோல் போர், ஒரு வேலி, அவ்வளவுதான். குதிரைகள் குளிர்காலம் முழுக்க வெட்டவெளியில் நின்று, குளம்பால் பனியைத் தோண்டிப் புல்லைத் தின்னும். மோத்துரோனா இருமினால் பதினாறு பெண் குதிரைகளும் தலை தூக்கிப் பார்க்கும். தெரந்தேயோடு அவள் வாழ்ந்த பத்தொன்பது வருடத்தில் அவள் கத்திக் கூப்பிட்டும் அவன் ஒரு தடவைகூடத் தலை தூக்கியதில்லை. விவாகரத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த காரணம் இது ஒன்றுதான். நீதிபதியும் பெண்மணி, மறுகேள்வி கேட்கவில்லை.

அந்த வருட ஜனவரிக் குளிர் கொஞ்சம் அளவு மீறித்தான் போனது. வாசலில் நின்று கொட்டாவி விட்டால், அது கீழே விழுந்து உடைகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அந்தக் குளிரில்தான் வாலன்கள் வந்தார்கள். ஓநாயை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் வந்துவிடும். வாலன் என்றால் அதற்குப் புரியாதாம். அதற்கு நன்றாகவே புரியும், மரியாதைக்காகச் சும்மா இருக்கிறது என்பது என் கருத்து.

முதல் குதிரையை அவள் இல்லாதபோது அடித்துப் போட்டன. இரண்டாவதை அவள் கண்ணெதிரே. நாற்பது அடி தூரத்தில் வாலன் கூட்டத்தின் தலைவன் நிற்கிறான். மோத்துரோனா அப்பாவின் துப்பாக்கியை நீட்டி, குறி பார்த்து, விசையை இழுத்தாள். டிக். யாரோ விருந்தாளி மரியாதையாகக் கதவைத் தட்டினாற்போல ஒரு சத்தம். மறுபடி இழுத்தாள். டிக். வாலன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்ததாம்.

ஓநாய் சிரிக்குமா என்று கேட்டவர்களுக்கு அவள் பதில்: "உன்னப் பாத்தா சிரிக்காது. நாப்பது அடியில நின்னு அதுகிட்ட டிக்-னு சத்தம் காட்டிப் பாரு, சிரிக்கும்."

குடிலில் வந்து பிரித்துப் பார்த்தால், தோட்டாவைக் குத்தும் ஊசி நுனியில் கற்கண்டு போல முறிந்திருந்தது. அந்தக் குளிரில் பழைய எஃகும் பழைய மனிதர்களும் ஒன்று. வெளியே பார்க்க முழுசாக இருப்பார்கள், ஒரு தட்டுத் தட்டினால்தான் தெரியும்.

சங்கத் தலைவி லுக்கேரியா கெட்டவள் அல்ல. ஆனாலும் தலைவி.

"ரெண்டு போச்சு அக்கா" என்றாள். "இருபதாம் தேதி கூட்டம். அதுக்குள்ள இன்னொண்ணு போச்சுன்னா மந்தைய ஞுக்கூஸ் கையில குடுக்கறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. அவன்கிட்ட மோட்டார் பனிவண்டி இருக்கு, வெளிநாட்டுத் துப்பாக்கி இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?"

"இருமல் இருக்கு" என்றாள் மோத்துரோனா.

மந்தை போனால் அவளுக்கு என்ன மிச்சம் என்று ஊருக்கே தெரியும். மகன் யாகுத்ஸ்க் நகரத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறான். அங்கே ஜன்னலோரம் ஒரு நாற்காலி அவளுக்காகவே போட்டு வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை. அந்த நாற்காலியை நினைத்தால் அவளுக்கு வாலனைவிட அதிகமாக முதுகு சில்லிட்டது. ஆக, இருபதாம் தேதிக்குள் சுடுகிற ஒரு துப்பாக்கி வேண்டும். அழகானது வேண்டாம், தூரம் போவது வேண்டாம். ஐம்பத்துநான்கு டிகிரி உறைகுளிரில், கையுறை போட்ட விரலுக்கு, கூப்பிட்டதும் பதில் சொல்கிற துப்பாக்கி.

முதலில் மாவட்டத் தலைநகரின் கடைக்குத்தான் போனாள். கடைக்குள் அடுப்பு எரிந்து சட்டை போதும் என்கிற மாதிரி இருந்தது. கடைக்காரர் ஒரு பளபளப்பான சாமானை எடுத்து நீட்டி, "கடுங்குளிருக்குன்னே செஞ்சது அக்கா. மைனஸ் முப்பது வரைக்கும் உத்தரவாதம்" என்றார்.

"மைனஸ் முப்பதுல நாங்க பிள்ளைங்கள வெளிய விளையாட விடுவோம்" என்றாள் இவள்.

விளம்பரத் தாளில் தாடி வைத்த ஒரு மனிதன் பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கையில் கையுறை இல்லை. மோத்துரோனா அவனை வெகுநேரம் பார்த்தாள். "இந்தப் படம் எடுத்த அன்னிக்கு இவனுக்கு எத்தன விரல் இருந்துச்சு, இப்ப எத்தன இருக்கு?"

கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஒரு துப்பாக்கியை இரண்டு நாள் வெளியே கிடத்தி வைத்துச் சுட்டுப் பார்த்து வாங்கலாமா என்று கேட்டாள். அதற்கு விதியில் இடமில்லை. "சூடான கடைக்குள்ள எல்லாத் துப்பாக்கியும் வீரன்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

மறுநாள் சங்க அலுவலகத்தில், பால் விட்ட தேநீரோடு, ஆண்கள் அவளுக்கு அறிவுரை சொன்னார்கள். எங்கள் ஊர் ஆண்பிள்ளையிடம் மனைவியைப் பற்றிக் கேட்டால் ஒரு வாய் தேநீர் முடிவதற்குள் பேச்சு தீர்ந்துவிடும். துப்பாக்கியைப் பற்றிக் கேளுங்கள், கொதிகலம் மூன்று தரம் நிரப்ப வேண்டியிருக்கும்.

ஞுக்கூஸ் தன் வெளிநாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசினான்: அதன் மேல் பொருத்திய தொலைநோக்கி, அதன் விலை, பிறகு மறுபடி அதன் விலை. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரும் எர்ச்சிம், தன்னுடையது தானே தோட்டாவை மாற்றிக்கொள்ளும் ரகம் என்றும், தான் படிக்கும் பத்திரிகையில் அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறது என்றும் சொன்னான். எழுபத்தொரு வயது கபிரில், தன் பழைய ராணுவத் துப்பாக்கி இதுவரை தன்னை ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை என்றார். தன்னை ஏமாற்றாதது உலகத்தில் அது ஒன்றுதான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மோத்துரோனா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். போதும் என்று அர்த்தம்.

"சரி. மூணு பேரும் கொண்டுவந்து என் வீட்டு வேலியில மாட்டுங்க. தோட்டாவ தனிப் பையில போட்டு பக்கத்துலயே தொங்க விடுங்க, அதுவும் குளிரட்டும். மூணு நாள் யாரும் தொடக் கூடாது. நாலாம் நாள் மத்தியானம், கையுறையக் கழட்டாம, ஆளுக்கு மூணு குண்டு. எது சுடுதோ அதுக்கு என் சொந்த மூணு வயசுக் குதிரையக் குடுத்து மாத்திக்கறேன்."

குதிரை என்றதும் மூன்று பேர் கண்ணும் பளிச்சென்றது. ஊர்க் காவலர் அந்த வாரம் பல் பிடுங்கிக்கொள்ள மாவட்டத்துக்குப் போயிருந்தார். இல்லாவிட்டால் இந்தப் போட்டியும் இல்லை, இந்தக் கதையும் இல்லை.

நான்காவது துப்பாக்கி வேலிக்கு வந்தது தற்செயல். ஆணி இரவல் வாங்கப் போனவள், வேறெங்கும் கிடைக்காமல் தெரந்தேய் வீட்டுக் கதவையும் திறந்தாள். அவன் கட்டிலில் படுத்தபடியே, கதவு திறந்த சத்தத்தில் ஆளை அடையாளம் கண்டான்.

"மோத்து, நானும் போட்டியில சேரலாமா?"

"உன்கிட்ட ஏது துப்பாக்கி?"

"நிலவறையில இருக்கு. மீனுக்குக் கீழ."

"எப்ப வச்ச?"

"நீ வீட்ட விட்டுப் போன வருசம்."

எங்கள் நிலவறை என்பது மண்ணுக்குள் தோண்டிய குழி. மேலே கோடை வந்து கொசு பாடினாலும் கீழே சுவரில் பனிக்கட்டி கரையாது. ஏணி இறங்கி, மீன்களை ஒதுக்கிப் பார்த்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய மீன் சிலதும் அங்கே சமாதியில் இருந்தன. அடியில் துப்பாக்கி. பழைய கெட்டிலின் நிறம். மரக்கட்டை பிளந்து செம்புக் கம்பியால் சுற்றியிருந்தது. குழல் நுனியில் குறி பார்க்கும் முனை லேசாக இடப்பக்கம் சாய்ந்து, யாரையோ சந்தேகப்படுவது போல இருந்தது.

"இத வேலியில மாட்டினா காக்காகூட உட்காராது" என்றாள்.

"நீயே கொண்டுபோய் மாட்டிடு. நான் எழுந்து வரணும்னா இன்னிக்கு முடியாது" என்றான் அவன்.

மூன்று நாள். வெப்பமானி ஐம்பத்து மூன்றில் இறங்கி, அங்கேயே படுத்துக்கொண்டது. துப்பாக்கிகள் நான்கும் வேலியில் தொங்கின. தொடக்கூடாது என்று மூன்று பேரும் நெருப்பின் மேல் ஆணையிட்டிருந்தார்கள். ஆனால் பனி என்பது எங்கள் ஊர் செய்தித்தாள். காலையில் எழுந்து வாசித்தால் யார் எங்கே போனார், எவ்வளவு நேரம் நின்றார், எந்தக் காலில் ஓட்டை என்பது வரை எல்லாம் அச்சாகியிருக்கும். மோத்துரோனா தினமும் காலையில் வேலியடியில் நின்று அதைப் படித்தாள். படித்ததை மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மத்தியானம் ஊரே வந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இருந்தபடியே, தானும் உயிரோடுதான் இருப்பதாகக் கொஞ்சம் சிவப்புக் காட்டிற்று. நூறு அடி தூரத்தில் ஒரு கம்பத்தில் தண்ணீர் உறைந்த வாளியைக் கட்டியிருந்தார்கள்.

முதலில் ஞுக்கூஸ். தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். எடுத்தான். துடைத்தான். மறுபடி வைத்தான்.

"என்னப்பா, வாளி தெரியலையா?" என்றார் கபிரில்.

"வெள்ளையா இருக்கு."

"உள்பக்கம் பூ பூத்திருக்குடா!" என்று எட்டிப் பார்த்த யாரோ கத்தினார்கள். உண்மைதான். தொலைநோக்கிக்குள் உறைபனி இலை இலையாகக் கோலம் போட்டிருந்தது. சரி, தொலைநோக்கி இல்லாமலே சுடுகிறேன் என்று, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. விசையை அழுத்தினான். அதுவும் பனிக்கட்டிக்குள் தூங்கியது.

மோத்துரோனா இப்போதுதான் வாய் திறந்தாள். "முதல் நாள் உன் பனிவண்டித் தடம் இங்க வந்து திரும்பிப் போச்சு. மறுநாள் காலையில மறுபடி வந்து திரும்பிப் போச்சு. வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயி எங்க வச்ச?"

ஞுக்கூஸின் மனைவி பின்னாலிருந்து பதில் சொன்னாள். "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல!"

குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூட்டுக்குள் கொண்டுபோனால் உள்ளும் புறமும் வியர்க்கும், அந்த வியர்வையோடு வெளியே கொண்டுவந்தால் உறைந்து கல்லாகும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஞுக்கூஸுக்கும் தெரியும். ஆனால் யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம் அறிவைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது.

"இதோட விலை தெரியுமா உனக்கு?" என்று அவன் கத்தினான்.

"தெரியும். நீ சொல்லிச் சொல்லி ஊருக்கே தெரியும்."

அடுத்து எர்ச்சிம். நிமிர்ந்து நின்றான், பத்திரிகையில் இருப்பதுபோலக் காலை அகட்டினான், சுட்டான். டமார்! வாளியில் ஓட்டை. கூட்டம் ஆர்ப்பரித்தது. எர்ச்சிம் இரண்டாவது குண்டுக்கு விசையை இழுத்தான். ஒன்றுமில்லை. சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூடு பாதி வெளியே வந்து, திறந்த வாயில் நாக்கு போல அப்படியே நின்றுவிட்டது. உறையவே உறையாத எண்ணெய் என்று விளம்பரத்தில் பார்த்து வாங்கி முந்தின வாரம் தாராளமாகப் போட்டிருக்கிறான். இப்போது அது உள்ளே கரடிக் கொழுப்பு பதத்தில் இருந்தது.

"முதல் குண்டு போச்சுல்ல அக்கா? ஒரு குண்டு போதாதா?"

"வாலன் என்னிக்குடா தனியா வந்திருக்கு? அதுவும் குடும்பஸ்தன்" என்றாள் மோத்துரோனா.

மூன்றாவது கபிரில். மனிதர் நம்பிக்கையோடு வந்தார், போல்ட்டைப் பிடித்தார், இழுத்தார். இரண்டு கையால் இழுத்தார். துப்பாக்கியைக் கால்களுக்கிடையில் கவ்விக்கொண்டு, பசுவிடமிருந்து கன்றை இழுப்பதுபோல இழுத்தார். கடைசியில் கோடரியின் பின்பக்கத்தால் தட்டினார்.

"அண்ணே" என்று மோத்துரோனா பதமாகக் கேட்டாள், "ரெண்டாம் நாள் உங்க கம்பளிக் காலணித் தடம் வேலிக்கிட்ட அரை மணி நேரம் நின்னிருக்கு. பக்கத்துல மஞ்சளா ஒரு சொட்டு. நாய் நக்கிட்டுப் போயிருக்கு. என்ன பண்ணீங்க?"

கபிரில் நிமிர்ந்து பார்த்தார். அதில் வெட்கம் இல்லை.

"வேட்டைக்குப் போறதுக்கு முந்தி நெருப்புக்கு வெண்ணெய் போட்டுப் பயனாயைக் கும்பிடறோமா இல்லையா? நெருப்பு தின்னுது, பயனாய் தின்னுறாரு. பாவம், சுடறது அது, அதுக்கு மட்டும் பட்டினியா? ஒரு கரண்டி உருக்கி ஊட்டினேன்."

"எங்க ஊட்டினீங்க?"

"வாயிலதான். தோட்டா போற வாயில."

பயனாய் காட்டுக்கு எஜமான். வேட்டை அவர் கொடுத்தால் உண்டு. அவருக்குச் சிரிப்பு பிடிக்கும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனால் ஒரு முயலைக்கூட அனுப்ப மாட்டார். அன்றைக்கு எங்கள் வேலியடியில் கிளம்பிய சிரிப்புக்கு அவர் ஒரு வருடத்துக்குக் கடமைப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். போல்ட்டைத் திறக்கக் கீழே சுள்ளி கொளுத்தினார்கள். துப்பாக்கியிலிருந்து அப்பம் சுடுகிற வாசனை வந்தது. இரண்டு நாய்கள் அதைச் சுற்றிவந்து உட்கார்ந்துவிட்டன.

மீதி ஒன்றுதான். தெரந்தேய் சறுக்குவண்டி ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். யாரோ குடிதண்ணீருக்கு ஐஸ் வெட்டி ஏற்றி வந்த வண்டி; தூங்குகிறானென்று ஐஸோடு சேர்த்து இழுத்து வந்துவிட்டார்கள்.

"நீயே சுட்டுப் பாரு மோத்து. நான் கைய வெளிய எடுக்கணும்."

அவள் மீன் வாசனை அடிக்கும் அந்தச் சாமானை எடுத்தாள். பெரிய கையுறைக்குள்ளிருந்தே போல்ட்டை இழுத்தாள். சறுக்கிக்கொண்டு வந்தது, சறுக்கிக்கொண்டு போனது. விசையைச் சுற்றிய வளையம் அகலம். கையுறை விரல் தாராளமாக நுழைந்தது. கன்னத்தில் பட்டது மரக்கட்டை, இரும்பல்ல. டமார். டமார். டமார். வாளி கம்பத்திலிருந்து கழன்று விழுந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, தன் பையிலிருந்து இன்னும் இரண்டு தோட்டா எடுத்துப் போட்டாள். அவையும் போயின.

சந்தேகப்படுகிற அந்த முனைகூட நேராகிவிட்டது போலத் தெரிந்தது.

"இதுக்கு எண்ணெய் போட்டு எத்தன வருசம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"போடணுமா?" என்றான் தெரந்தேய்.

விசாரித்ததில் வெளியே வந்தது இதுதான். கல்யாண வாழ்க்கையின் கடைசி வருடம் இவளுடைய நச்சரிப்பு தாங்காமல் துப்பாக்கியைப் பிரித்து பெட்ரோலில் ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்லாமல் கழுவியிருக்கிறான். மறுபடி எண்ணெய் போடுவது அடுத்த வேலை. அதற்குள் அவள் போய்விட்டாள், யாருக்காகப் போடுவது? காலியான நிலவறையில் கிடத்தி, மேலே மீனைக் கொட்டினான். ஏழு வருடம் அது உருகவுமில்லை, வியர்க்கவுமில்லை, துருப்பிடிக்கவுமில்லை. கடுங்குளிருக்குத் துப்பாக்கியைத் தயார் செய்ய இதைவிடச் சிறந்த வழியை எந்தப் பத்திரிகையும் இன்னும் எழுதவில்லை: பாதி வேலை செய்து நிறுத்து, பிறகு தொடாதே.

"குதிரைய ஓட்டிக்கிட்டுப் போ" என்றாள் மோத்துரோனா. வாக்கு வாக்குதான்.

"குதிரை வேண்டாம். அதுக்குப் புல்லு வெட்டணும்."

"அப்ப என்ன வேணும்?"

"துப்பாக்கிய விக்க மாட்டேன், குடுக்கவும் மாட்டேன். வேணும்னா அதோட நானும் முகாமுக்கு வர்றேன். ஏழு வருசமா என் சமையல நானே சாப்பிடறேன் மோத்து. ஜெயில்லகூட இப்படி ஒரு தண்டனை கிடையாது."

அவள் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, தாள் கருகிவிடும். ஆனால் திட்டி முடித்தபின் அவள் செய்த காரியம், தேதியை விரல் விட்டு எண்ணியது. பதினாறு. இருபதுக்கு நான்கு நாள்.

மறுநாளே இரண்டு பேரும் முகாமில் இருந்தார்கள். துப்பாக்கி குடிலுக்கு வெளியே, கூரையடியில் ஆணியில். அவன் குடிலுக்கு உள்ளே, அடுப்படியில். பதினெட்டாம் தேதி காலை மேய்ச்சலின் ஓரத்தில் தடம் தெரிந்தது. ஐந்து வாலன்கள், ஒன்றன் காலடியில் ஒன்று கால் வைத்து, ஒரே ஆள் நடந்ததுபோல. ஆண்குதிரை பெண் குதிரைகளையெல்லாம் வட்டமாக நெருக்கி நிறுத்தியிருந்தது.

இருவரும் வைக்கோல் போரில் பள்ளம் பறித்துப் படுத்தார்கள். காத்திருப்பதுதான் எங்கள் குளிரில் வேட்டையின் கொடுமையான பகுதி. நல்ல நல்ல வேட்டைக்காரர்களெல்லாம் அரை மணியில் காலை உதறுவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், கையைத் தட்டுவார்கள். வாலன் தூரத்திலேயே கேட்டுவிட்டுப் போய்விடும். மோத்துரோனாவே மூன்று தரம் அசைந்தாள். தெரந்தேய் அசையவே இல்லை. மூன்று மணி நேரம். புருவத்தில் உறைபனி வளர்ந்தது, பிறகு தாடியில், பிறகு இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. ஒரு காக்கை அவன் தொப்பியில் வந்து உட்கார்ந்து, சிறகு கோதி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது. இது சத்தியம், காக்கையைக் கேட்டுப் பாருங்கள்.

"யோவ், உயிரோட இருக்கியா?" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"பேச வைக்காத. வாய் சில்லுங்குது."

அப்போதுதான் வாலன்கள் வந்தன. அவற்றின் கண்ணுக்கு ஒரு கட்டை கிடக்கிறது, அதன்மேல் இப்போதுதான் காக்கை உட்கார்ந்து போயிற்று; பயப்பட என்ன இருக்கிறது? தலைவன் முன்னால். சிரித்தவன் அவன்தான் என்று மோத்துரோனா அந்தக் கிழிந்த காதைப் பார்த்தே கண்டுகொண்டாள். எண்பது அடி. அறுபது அடி. உறைபனியில் வெளுத்த தன் இமை மயிருக்கு நடுவே முனையை நிறுத்தினாள். தன் மூச்சு குழலில் படாமல் அடக்கினாள். அந்த நிமிடம் அவள் நினைத்தது மகன் வீட்டு நாற்காலியை மட்டும்தான்.

விசையை இழுத்தாள்.

டிக் இல்லை. டமார்.

தலைவன் உட்கார்ந்தது போல விழுந்தான். மற்றவை திரும்புவதற்குள் போல்ட் சறுக்கிவந்தது, இரண்டாவது குண்டு இன்னொன்றைக் கவிழ்த்தது. மூன்று நிழல்கள் காட்டுக்குள் ஓடின. அவள் எழுந்து இருமினாள். வட்டத்திலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எண்ணினாள்: பதினான்கும் ஒன்றும். மறுபடி எண்ணினாள், சுகத்துக்காக.

"ஒண்ணும் போகலையே?" என்றது கட்டை.

"ஒண்ணும் போகல."

"அப்ப சாப்பிடலாமா?"

இருபதாம் தேதிக் கூட்டத்தில் இரண்டு தோல்களும் லுக்கேரியாவின் மேசை மேல் கிடந்தன. மேசைக்கு வெளியே வால்கள் தொங்கின. லுக்கேரியா முகத்தில் தலைவிக்களை போய்ச் சிரிப்பு வந்தது. "மந்தை அக்காகிட்டயே இருக்கட்டும்னு நான் சொல்றேன். யாருக்காவது மறுப்பு?"

ஞுக்கூஸ் எழுந்தான். "எனக்கு. அந்தத் துப்பாக்கி யாரோடது? உரிமத்தாள் யார் பேர்ல? காவலர் பல்லு வலி தீர்ந்து நேத்தே வந்துட்டாரு, கேக்கலாமா?"

காவலர் வீங்கிய கன்னத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்று யாரையும் பிடிக்கவில்லை. "தாள் தெரந்தேய் பேர்ல. மாத்த நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் துப்பாக்கி எங்க இருக்கோ அங்க அவன் இருக்கணும். அவன் இல்லாம அது இருந்தா, நான் எடுத்துட்டுப் போவேன்."

"கேட்டீங்கல்ல?" என்றான் ஞுக்கூஸ். "நாலு மாசம் இவன் அங்க இருப்பானா? ரெண்டு நாள்ல கட்டிலத் தேடி ஓடி வந்துடுவான். அப்புறம் இவகிட்ட என்ன இருக்கு? மறுபடி இருமல்தான். மூணு வாலன் இன்னும் காட்டுலதான இருக்கு?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். லுக்கேரியா பேனாவை வைத்துவிட்டாள். "அக்கா, ஞுக்கூஸ் சொல்றது சரிதான். துப்பாக்கி இருக்கும்னா மந்தை உனக்கு. துப்பாக்கி இருக்கணும்னா தெரந்தேய் அண்ணன் இருக்கணும். கோடை வரைக்கும். நீ சொல்லு."

ஊர் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. இவ்வளவு நாளாக எல்லாத் துப்பாக்கியையும் வேலியில் தொங்கவிட்டுச் சோதித்தவளுக்கு, சுடுகிற ஒரே துப்பாக்கி ஒரு மனிதனோடு சேர்த்துக் கட்டி வந்திருந்தது. அவனை அவிழ்த்துவிட்டு வாங்க முடியாது. ஒரு பக்கம் ஏழாவது மாடி. இன்னொரு பக்கம் பெஞ்சில் சாய்ந்து, கூட்டம் தன்னைப் பற்றித்தான் என்று இன்னும் முழுசாகத் தெரியாமல், அரைக்கண் மூடியிருந்த தெரந்தேய்.

"யோவ்" என்றாள். "காதுல விழுந்துச்சா?"

"ம்."

"நாலு மாசம்."

"ம்."

"நடுவுல ஊருக்கு வர்றேன்னு கிளம்பினா, துப்பாக்கி உன்னோடது, தோட்டா என்னோடது. ஞாபகம் வச்சுக்கோ."

தெரந்தேய் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கிண்டல் இல்லாத பார்வை. அதனால்தான் எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது. "அன்னிக்குப் போர்ல படுத்திருந்தேன்ல, மூணு மணி நேரம்? சோம்பலால இல்ல மோத்து. நான் அசைஞ்சா உன் குதிரை போயிடும்னு பயம்."

கபிரில் மூக்கைச் சிந்தினார். ஞுக்கூஸின் மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் உட்கார்ந்துவிட்டான்.

மோத்துரோனா தொப்பியை மாட்டினாள், கையுறையை மாட்டினாள். "எழுதிக்கோம்மா, மந்தை என்கிட்டதான்" என்று லுக்கேரியாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசல் தூணில் தொங்கிய துப்பாக்கியை எடுத்துத் தோளில் போட்டாள், சறுக்குவண்டியில் ஏறினாள், குதிரையைத் தட்டினாள். இருட்டுவதற்குள் முகாமுக்குப் போயாக வேண்டும்.

வண்டி நகர்ந்துவிட்டது. காவலர் கதவைத் திறந்துகொண்டு, "ஏய், துப்பாக்கி போகுது! ஆளு எங்கய்யா?" என்று கத்தினார்.

தெரந்தேய் ஓடினான். எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் பத்தொன்பது பேர்; வயதாக வயதாக எண்ணிக்கை கூடுகிறது. ஒரு காலில் காலணி அரைகுறை, தொப்பி கையில், பனியில் விழுந்து எழுந்து ஓடினான். மோத்துரோனா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கடிவாளத்தைக் கொஞ்சம், ஒரு விரல் அளவுக்கு, இழுத்துப் பிடித்தாள்.